மிச்சமான நாலாவது நாடா

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாரதாம்பாளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நூல் நுனியை மூன்று தடவை வாயில் வைத்து நனைத்தாள். மூன்று தடவையும் அது ஊசிக் காதைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. நினைப்புதான் ஆற்றங்கரையில் இருந்தது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடிகாரத்தில் மணி பதினொன்று.

தம்பி பொன்னுதுரை விடிந்ததுமே ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். ரொட்டியைப் பிய்த்து இரண்டு வாய் போட்டதோடு சரி. சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டபடியே சொன்னான்: "ஜும்மா முடிஞ்சதும் முதலாளி நேரா லாஞ்சுக்குத்தான் வர்றாரு. அதுக்குள்ள மீட்டர் முள்ளு அசையலேன்னா, மலாக்காவுல எவனும் என்னைக் கூப்பிட மாட்டான்க்கா."

அவன் சொன்னதில் மிகை இல்லை. ஒன்பது வருஷம் ஒரு மோட்டார் பட்டறையில் வயர் வேலை பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் தனியாக வந்திருந்தான். தனியாக எடுத்த முதல் பெரிய வேலை இது. சிஹாபுதீன் முதலாளிக்கு மூன்று லாஞ்சுகள். கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றி ஆற்று வாய்க்குள் கொண்டு வருவது அவற்றின் வேலை. மூன்றில் மூத்தது 'மும்தாஜ்'. மகள் பிறந்த வருஷம் வாங்கியதால் மகள் பேர். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. லாஞ்சுக்கு உப்புக் காற்றில் வயரெல்லாம் பொரிந்து போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை, முப்பத்தோராம் தேதி, நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம். ஆற்றில் நிற்கிற படகுகளெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே விளக்குச் சரம் போடப்போகின்றன. மும்தாஜிலும் நாற்பது பல்பு கட்டியாகிவிட்டது. எரிய வைப்பதற்குத்தான் மின்சாரம் இல்லை.

கோளாறு என்னவென்று சாரதாம்பாளுக்கு நன்றாகத் தெரியும். தம்பி ராத்திரிச் சோற்றின் முன் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாள். எஞ்சின் ஓடினால் பெல்ட் வழியாக டைனமோ சுற்றும். டைனமோ மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும்; அது ஏறுவதை மீட்டர் முள் காட்டும். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. எப்போது நிரப்பலாம், எப்போது போதும் என்று பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டி. அதில் நாலு திருகாணி, நாலு வயர். ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் ஓர் ஆங்கில எழுத்து புடைத்து நிற்கும். ஏ என்றால் பேட்டரிக்குப் போவது. டியும் எஃப்பும் டைனமோவுக்குப் போகிறவை. ஈ என்றால் எர்த்து. எஞ்சினின் இரும்பு உடம்போடு சேருவது.

தண்ணீர் புகுந்துவிட்டதென்று பொன்னுதுரை திங்கட்கிழமை அந்தப் பெட்டியையும் டைனமோவையும் கழற்றிக் கரைக்குக் கொண்டு வந்தான். துடைத்து, காயவைத்து, செவ்வாய்க்கிழமை திரும்ப மாட்டினான். அன்றிலிருந்து டைனமோ சுற்றுகிறதே தவிர பேட்டரிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. விடிந்து பார்த்தால் இருந்ததும் இறங்கியிருக்கிறது.

"பிரஷ் மாத்திட்டேன். பெல்ட்ட இறுக்கிட்டேன். டைனமோவத் தனியாப் பிரிச்சுப் பாத்துட்டேன், தங்கமா இருக்கு. ஏக்கும் ஈக்கும் நடுவுல பல்பு வச்சுப் பாத்தேன், பளிச்சுனு எரியுது. அப்ப பேட்டரி வயரும் எர்த்து வயரும் பெட்டி வரைக்கும் நல்லாத்தான் வந்து சேருது. ஆனா எஞ்சின நிறுத்துன பிறகும் பெட்டி சூடா இருக்குக்கா. ஏன் சூடாவுதுன்னுதான் புரியல." வியாழக்கிழமை ராத்திரி அவன் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தான். சோறு அப்படியே இருந்தது.

சாரதாம்பாள் மனதில் திங்கட்கிழமையிலிருந்தே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பிஸ்கட் டின்னில் பித்தான்களோடு கிடந்த ஒரு வெள்ளை நாடாத் துண்டு அது.

சாரதாம்பாள் எதற்கும் பேர் எழுதி வைக்கிறவள். செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. ஆனால் அந்த நாலு வகுப்பையும் ஒரு நாள்கூட வீணாக்கவில்லை. வீட்டில் மல்லித் தூள் டின்னில் 'மல்லி' என்று இருக்கும். மிளகாய் டின்னில் 'மிளகாய்' என்று இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அம்மா அதற்கு முன்பே இல்லை. பதின்மூன்று வயதுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு மலாக்கா நகரத்துக் காஜா பெராங்குக்கு வந்து தையல் மெஷினைப் பிடித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தி ரவிக்கை இன்னொருத்தி வீட்டுக்குப் போனதில்லை. துணி வந்தவுடன் ஒரு நாடாத் துண்டில் ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்துப் பேர் எழுதித் தைத்துவிடுவாள். தண்ணீர் பட்டாலும் அந்த ஊதா போகாது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி மொதல்ல ஒரு நெலைக்கு வரட்டும்" என்றாள். அப்புறம் பேச்சும் வரவில்லை. தம்பி நிலைக்கு வந்தான். அளவெடுக்க வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் அவன் நிலைக்கு வந்த கதையைக் கேட்காமல் அளவு கிடைக்காது.

திங்கட்கிழமை மத்தியானம் சோற்றுக் கேரியரோடு ஆற்றங்கரைக்குப் போனவள், தம்பி கேட்டுக்கொண்டபடி நாலு நாடாத் துண்டும் ஊதாப் பென்சிலும் எடுத்துப் போயிருந்தாள். வயரெல்லாம் ஒரே கறுப்பு. கழற்றினால் எது எதுவென்று தெரியாது. லாஞ்சு அன்று கரையை ஒட்டியே நின்றதால் அவளால் ஏற முடிந்தது. பொன்னுதுரை எஞ்சினுக்கு அந்தப் பக்கம் டைனமோவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தான். விட்டால் விழுந்துவிடும்.

"அக்கா, நீயே எழுதிக் கட்டிடு. நல்லையா சொல்லுவாரு."

நல்லையா அந்த லாஞ்சின் எஞ்சின்காரர். காஜா பெராங்கிலேயே, பல தலைமுறைக்கு முன் வந்த செட்டிகள் குடியிருக்கிற கம்பம் என்ற கிராமத்துக்காரர். சாமி கும்பிடுவது மாரியம்மனைத்தான். வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பூசைச் சாமான்களின் பேர்கள்தான். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவர். பலகைக்கு அடியில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, எந்தத் திருகாணி முதலில் இளகியதோ அதன் எழுத்தைப் படித்துவிட்டு வயரை மேலே நீட்டினார்.

"எஃப்!"

கேட்டதைத் தமிழில் எழுதினாள். இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"டி!"

கட்டினாள்.

"ஏ!"

கட்டினாள்.

"ஆ!" என்றார் நல்லையா, கடைசி வயரை நீட்டி.

பக்கத்தில் நின்ற தொங்கான் என்ற சரக்குப் படகில் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "ஆச்சா? அவ்வளவுதானா?" என்று குனிந்து கேட்டாள்.

"ஆ! ஆ!" என்று உரக்கச் சொன்னார் அவர்.

சரி, ஆச்சு என்று நிமிர்ந்தாள். நாலாவது நாடா கையில் மிஞ்சியிருந்தது. தம்பியிடம் நீட்டிக் காட்டினாள். "நாலு கொண்டாந்தேன். மூணுதான் செலவாச்சு."

"மூணுக்குப் பேரு இருந்தா நாலாவதுக்குப் பேரு தன்னால வந்துரும்க்கா. ஈ-தானே மிச்சம்? வை உள்ள."

வைத்தாள். அவளுக்கு மனமில்லை. பேர் எழுதாத துணியை அவள் ஒரு நாளும் மெஷினில் போட்டதில்லை.

புதன்கிழமை பேட்டரி ஏறவில்லை என்று தெரிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். குழாயடியில் நாலு பேர் கேட்க, "என் தம்பி கை வச்சு ஒரு வேலை கெட்டுப் போகாது. அந்த எஞ்சின்காரரு நல்லையாதான் எதையாவது நோண்டியிருப்பாரு" என்று சொல்லிவிட்டாள். காஜா பெராங்கில் ஒரு பேச்சு குழாயடியிலிருந்து செட்டிக் கம்பத்துக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. மறுநாள் கடைத்தெருவில் எதிரே வந்த நல்லையா, அவளைக் கண்டதும் செருப்பைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

மணி பன்னிரண்டரை. சாரதாம்பாள் மறுபடி எழுந்து வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் அஞ்சலை மணையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு மெல்லிய புத்தகம் விரிந்திருந்தது.

"ஆ… ஏ… ஈ… ஓ… ஊ…"

"என்னடி, பல்லு வலியா?"

"பல்லு வலியும் இல்ல, பிரசவ வலியும் இல்ல. மலாய் படிக்கிறேன்க்கா. குடியுரிமைக்கு மலாய் கேப்பாங்கன்னு பேசிக்கிறாங்கல்ல? பெரியவங்களுக்கு வகுப்பு நடத்துறாங்க. நீயும் வாயேன்."

"எனக்கு எதுக்கு, சந்தையில மீனு வாங்கத் தெரியும், போதும். அது சரி, ஏ பி சி டின்னா ஏ தானே மொதல்ல வரணும்? நீ என்ன ஆ-ன்னு தொடங்குற?"

"அலாமா, அந்தக் கூத்தை ஏன் கேக்குற! வெள்ளைக்காரன் ஏ-ன்னு சொல்ற மொத எழுத்து இருக்கே, மலாய்ல அதுக்கு ஆ-ன்னு சத்தம். வெள்ளைக்காரன் ஈங்கிற எழுத்துக்கு இவங்க ஏங்கிறாங்க. நேத்து வாத்தியாரு ஏ போடுன்னாரு, நான் மொத எழுத்தப் போட்டேன். வகுப்பே சிரிச்சுது."

சாரதாம்பாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போவுது?"

அவள் காதில் விழவில்லை. அவள் காதில் தொங்கான் தடதடத்தது; பலகைக்கு அடியிலிருந்து ஒரு குரல் "ஏ!" என்றது, அப்புறம் "ஆ!" என்றது, அவ்வளவுதானா என்று கேட்டதற்கு இன்னும் உரக்க "ஆ! ஆ!" என்றது. அந்த மனுஷன் ஆமாம் சொல்லவில்லை. எழுத்தைச் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை.

உள்ளே ஓடி டின்னைக் கவிழ்த்தாள். பித்தான்கள் தரையில் சிதறின. அவற்றைப் பொறுக்காமல் எழுந்தது அவளுக்கே ஆச்சரியம். நாடாவையும் பென்சிலையும் முந்தானையில் முடிந்துகொண்டு தெருமுனைக்கு ஓடி ஒரு பெச்சாவை, மூன்று சக்கர ரிக்ஷாவை, கை தட்டி நிறுத்தினாள்.

பெச்சா மெதுவாகத்தான் போயிற்று. கடைகளில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஒருவன் நகரமாட்டேன் என்றான். "செப்பாட், செப்பாட்" என்று பெச்சாக்காரரை அவள் விரட்ட, அவர் திரும்பி, "சுதந்திரம் நாளைக்குத்தானே, இப்ப என்ன அவசரம்?" என்று மலாயில் கேட்டார். அவளால் உட்கார முடியவில்லை. பாதி வழி நின்றுகொண்டே வந்தாள்.

போகிற வழியில் ஒரு யோசனை வந்தது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லிவிடலாம். அவன் இரண்டு வயரை இடம் மாற்றிப் போடுவான். முள் அசையும். கண்டுபிடித்தது பொன்னுதுரை என்றே இருக்கட்டும். நாடா எழுதியது யாரென்று யார் கேட்கப்போகிறார்கள்? யோசனை நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷப் பேரும் பிழைத்துக்கொள்ளும்.

ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தபோது அந்த யோசனை செத்துப்போயிற்று. மும்தாஜ் கரையோரம் இல்லை. கரையை ஒட்டி ஒரு தொங்கான், அதை ஒட்டி இன்னொரு தொங்கான், அதற்கும் அப்பால் மூன்றாவதாக நின்றது. இரண்டு தொங்கானிலும் மூட்டை சுமக்கிறவர்கள் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மும்தாஜின் மேல்தட்டில் வெள்ளைத் தொப்பியோடு சிஹாபுதீன் முதலாளி நின்றார். ஜும்மா முடிந்து வந்துவிட்டார். அவர் முன்னால் பொன்னுதுரை கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். தள்ளி, எஞ்சின் அறைப் படியில் நல்லையா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

காற்று இந்தப் பக்கம் அடித்ததால் பேச்சு கேட்டது.

"மூணு நாள் தம்பி, மூணு நாள். நீ டைனமோ நல்லாருக்குங்கிற, பெட்டி நல்லாருக்குங்கிற. எல்லாம் நல்லாருந்தா வெளக்கு ஏன் எரியல? ஊர்ல என்னமோ நல்லையா கைய வச்சான்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

"இல்ல முதலாளி. அவரு வைக்கல. என் தப்புதான், எங்கன்னுதான் புடிபடல."

"அப்ப புடிபடுற ஆளா நான் பாத்துக்குறேன்."

சாரதாம்பாள் கரை விளிம்புக்கு வந்துவிட்டாள். புடவையோடு இரண்டு தொங்கானைத் தாண்டுவதற்குள் முதலாளி இறங்கிவிடுவார். வாயைத் திறந்தாள். முதலில் நாக்கு நுனிக்கு வந்தது 'நல்லையா தப்பா படிச்சுட்டாரு' என்பதுதான். அது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. தம்பியைப் பார்த்தாள். தன் மேல் போட்டுக்கொண்டு நிற்கிறான், முட்டாள்.

"தம்பீ!" என்று கத்தினாள். இருபது பேரும் திரும்பினார்கள். "நாடாவ நான் தப்பாக் கட்டிட்டேன்! ஏ-ன்னு கட்டுனது ஏ இல்ல! அதுதான் ஈ! பேரு இல்லாத வயருதான் ஏ!"

"என்னக்கா?"

"அவரு மலாய்ல படிச்சாரு! ஏ-ன்னாரு, அது ஈ! அப்புறம் ஆ-ன்னாரு, அதுதான் ஏ! நான் ஆமாங்கிறாருன்னு நெனச்சுட்டேன்!"

முதல் தொங்கானில் ஒருவர் சோற்றுக் கையோடு, "ஏ-ன்னா ஈயாம், ஆ-ன்னா ஏயாம், நமக்கு சோறுன்னா சோறுதாம்பா" என்றார். சிரிப்பு ஒரு தொங்கானிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. சாரதாம்பாளுக்குக் காது மடல் சுட்டது.

பொன்னுதுரை சிரிக்கவில்லை. நெற்றியில் தட்டிக்கொண்டதில் கிரீஸ் அப்பியது. "பல்புக்கு முன்னே பின்னே தெரியாதே! எப்படி மாத்தி வச்சாலும் எரியுமே!" என்று சொல்லிக்கொண்டே எஞ்சின் அறைக்குள் குதித்தான்.

'ஆ' என்றது காதில் விழுந்ததும் நல்லையா எழுந்தார். "சாயா சுடா சாக்காப்!" என்று கரையைப் பார்த்துக் கை நீட்டினார். நான் சொன்னேனே, சொன்னேனே என்று மார்பில் தட்டினார். "ஆ, காக்! ஆ!"

"காக்காவா? யாரைய்யா காக்காங்கிற?" என்று சோற்றுக்காரர் கேட்க, "அக்காங்கிறாருய்யா, மூடிட்டுத் தின்னு" என்றார் பக்கத்திலிருந்தவர். அவரே எழுந்து சாரதாம்பாளுக்குக் கை கொடுத்துத் தொங்கானில் ஏற்றிவிட்டார். கைக்குக் கை மாறி அவள் மும்தாஜுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன.

பேட்டரியில் ஸ்டார்ட்டரைச் சுழற்றும் அளவுக்குத் தெம்பு இல்லை. பொன்னுதுரை ஒரு கம்பித் துண்டால் டைனமோ வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தான். சின்னதாக ஒரு பொறி. "மூணு நாளா வழி மறந்து கெடக்கு. ஞாபகப்படுத்தணும்" என்றான். நல்லையா கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எஞ்சின் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

எல்லாரும் மீட்டரைப் பார்த்தார்கள். முள் நடுவில் நின்றது. சாரதாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள். பொன்னுதுரை எஞ்சின் வேகத்தைக் கூட்டினான். முள் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு வலது பக்கமாக ஏறி, எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் போய் நின்றது.

முதலாளி மீட்டர் கண்ணாடியை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார். முள் அங்கேயே இருந்தது.

"ஏன் தங்கச்சி, ஒரு எழுத்துக்கா மூணு நாள்?"

"ஒரு எழுத்துதான் முதலாளி. என் எழுத்து. தம்பி மாட்டுனதுல தப்பே இல்ல, நாடாவுல இருந்தபடிதான் மாட்டுனான்." நல்லையா பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டாள்: "ஊர்ல பேசுனதும் நான்தான். அதையும் நானே போய்ச் சொல்லிடுறேன்." அப்புறம் அதையே சந்தை மலாயில், தடுமாறித் தடுமாறி, நல்லையாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு எண்ணெய்த் துணியை உதறி மடித்தார். மடித்ததை மறுபடி உதறினார். "தா அப்பா," பரவாயில்லை, என்றார்.

சிஹாபுதீன் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, அடுத்த வாரம் மத்த ரெண்டு லாஞ்சையும் பாத்துரு. ரெண்டுலயும் இதே வயருதான், இதே வயசுதான்." தொங்கானில் கால் வைத்தவர் திரும்பினார். "அக்கா எழுதுறப்ப மட்டும் கிட்ட நின்னு பாத்துக்க."

"எழுதலேன்னாத்தான் முதலாளி தப்பு நடந்துச்சு," என்றாள் சாரதாம்பாள் சட்டென்று. "நாலாவதையும் எழுதியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

பொன்னுதுரை சிரித்தான். நாலு நாளில் முதல் சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்கி, நல்லையாவின் டார்ச்சை வாங்கிப் பெட்டிக்கு முன்னால் குந்தினாள். இந்தத் தடவை யார் வாயையும் அவள் நம்பவில்லை. புடைத்து நின்ற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். கூரை மாதிரி ஒன்று. மூன்று பல் சீப்பு மாதிரி ஒன்று. ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்து, பழைய 'ஏ' நாடாவின் பின்பக்கத்தில் சீப்பையும், நாலாவது நாடாவில் கூரையையும் அப்படியே பார்த்து வரைந்தாள். அவள் வாழ்நாளில் வரைந்த முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் அவை. ஒவ்வொன்றிலும் இரண்டு முடிச்சு. பிறகு எஃப், டி நாடாக்களின் முடிச்சையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மேலே யாரோ சுவிட்சைப் போட, வெயில் இறங்காத வானத்தின் கீழ் நாற்பது பல்பும் மங்கலாக எரிந்தன. தொங்கான்காரர்கள் கை தட்டினார்கள். சாரதாம்பாள் விளக்கைப் பார்க்க ஏறி வரவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவுதானா?" என்று வயர்களைக் காட்டி நல்லையாவிடம் கேட்டாள்.

"ஆ…" என்று தொடங்கினார் நல்லையா. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, ஆமாம் என்று பலமாகத் தலையை ஆட்டினார்.